பழைய வீட்டை உள்ளே புதுப்பிக்க எவ்வளவு ஆகும்? கொத்தனாரிடம் ரேட் பேசும் முன் இதைப் பாருங்க!

சிதம்பரம் தேர் வீதிகளை ஒட்டியோ, கடலூர் முதுநகர் பக்கமோ தாத்தா காலத்து வீடு இருக்கா? "சதுர அடிக்கு இவ்வளவு" என்ற ஒற்றை ரேட்டை நம்பி வேலையில் இறங்காதீங்க.

10-க்கு 12 அடி அறையின் தரை 120 சதுர அடிதான். ஆனால் பழைய வீட்டில் உயரம் அதிகம். சுவர் 12 அடி என்றால் நாலு சுவரும் சேர்த்து 528 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 48 கழித்தாலும் 480. பூச்சு வேலையும் பெயின்ட்டும் தரையைப் போல 4 மடங்கு பரப்புக்கு! எனவே தரைக்குத் தனி ரேட், சுவருக்குத் தனி ரேட் கேளுங்க.

அடுத்து, சுவரைத் தட்டிப் பாருங்க. உள்ளே காலியாக இருப்பது போல சத்தம் வந்தால் பூச்சு விட்டுப்போச்சு என்று அர்த்தம். சுண்ணாம்புக் காரைச் சுவர் மேல் சிமென்ட் பூசுவதுதான் பலரும் செய்யும் தப்பு. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பெயின்ட் உரியும். கடலூரில் உப்புக்காத்தும் சேர்ந்தால் சொல்லவே வேணாம். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஆளுக்குக் கூலி கூடுதல்தான்; ஆனால் அதே சுவருக்கு இரண்டாவது தடவை செலவழிக்க வேண்டியிருக்காது.

மெட்ராஸ் டெரஸ் கூரையா? மர உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் கரையான் இருக்கான்னு பார்த்த பிறகே எஸ்டிமேட் போடச் சொல்லுங்க. எர்த் இல்லாத வயரிங், துருப்பிடித்த குழாய் எல்லாம் டைல்ஸுக்கு முன்பே மாத்தணும்.

சுவரை உடைத்தால்தான் தெரியும் செலவுகளுக்கு 15% தனியா வைங்க. 5 லட்சம் எஸ்டிமேட்டுக்கு 75,000 ரூபாய். இடிபாடு அள்ளும் கூலி யாருடையது, கழற்றும் தேக்குக் கதவு யாருக்கு என்பதையும் முன்பே எழுதி வாங்கிடுங்க.