கயிற்றில் ஏறிப் பழனிக்கு

ஐப்பசி மாதம் ஒரு காலை, காபி டம்ளரை வைத்துவிட்டு வீட்டுக்காரி கேட்டாள்: "என்னங்க, கார்த்திகைக்குள்ள பழனிக்குப் போயிட்டு வந்துடலாமா? படி ஏற என் முட்டி இனி கேக்காது. ரோப் கார்ல போவோம்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. பல வருஷமாக எங்கள் வீட்டில் ரோப் கார் பேச்சை எடுக்க விடாதவன் நான்தான். அவளுடைய முட்டி இந்த நிலைக்கு வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் இதைக் கொஞ்சம் பின்னாலிருந்தே சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954இல் ஆட்சி கைமாறிவிட்டது. சட்டப்படி முடிந்தது 1962இல். எங்கள் வகுப்பில் மட்டும் இரண்டுமே நடக்காதது போல் பாடம் பிரெஞ்சிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வங்கக் கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆல்ப்ஸ் மலையின் சிகரங்களை மனப்பாடம் செய்தோம். புத்தகத்தில் ஒரு படம்: பனி மலைக்கும் பனி மலைக்கும் நடுவே ஒரு கயிறு, அதில் தொங்கும் ஒரு பெட்டி. 'தெலெஃபெரிக்' என்று முசியே சொல்லிக்கொடுத்தார். ஷமொனி ஊரிலிருந்து ஏகுய் து மிதி சிகரத்துக்கு 1955இல் போட்டது. உச்சி 3,842 மீட்டர். கொடைக்கானலைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது முசியே ஒரு நாள் செய்தித்தாளோடு வகுப்புக்கு வந்தார். 1961 ஆகஸ்ட் 29 அன்று, அதே சிகரத்திலிருந்து இத்தாலிப் பக்கம் போகும் கயிற்றுப் பாதையை ஒரு பிரெஞ்சுப் போர் விமானம் உரசி, இழுவைக் கயிற்றை அறுத்துவிட்டது. ஆறு பேர் விழுந்து செத்தார்கள். மற்ற பெட்டிகளில் இருந்தவர்கள் அந்தரத்தில், பனிக்கு மேலே, ராத்திரி முழுக்கத் தொங்கினார்கள். செத்தவர்களைவிட அந்தத் தொங்கினவர்கள்தான் என் மனதில் நின்றார்கள். இன்றைக்கும் அவனியாபுரத்தில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே விமானம் தாழப் பறந்து ஏர்போர்ட்டில் இறங்கும்போது சில சமயம் அந்த ஞாபகம் வரும்.

வேலைக்காக மதுரைக்கு வந்து, ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்காக உட்கார்ந்த பிறகுதான், கயிற்றுப் பாதை என்பது வெள்ளைக்காரன் ஊர் வேடிக்கை மட்டும் அல்ல என்று தெரிந்தது. எங்கள் மதுரை மாவட்டத்திலேயே பழைய கயிறு ஒன்று இருந்திருக்கிறது. (தேனி பிரிவதற்கு முன்னால் போடியெல்லாம் மதுரை மாவட்டம்தான், பழனியும் 1985இல் திண்டுக்கல் மாவட்டம் வரும் வரை எங்களோடுதான். பழைய கிளார்க்குக்கு இந்த எல்லைகள் மறக்காது.)

மூணாறு தேயிலையைக் கீழே இறக்குவதற்காக வெள்ளைக்காரக் கம்பெனிகள் 1902இல் குண்டலைப் பள்ளத்தாக்கில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டார்கள். 1908இல் அதைச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். ரயில் மலை விளிம்புக்கு வந்து நின்றுவிடும். அந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். பேரைக் கேட்டு ஏதோ ரயில் நிலையம் என்று நினைக்கிறார்கள்; கயிற்றுப் பாதையின் மேல் முனை என்பதால் வந்த பெயர் அது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கயிற்றில் தொங்கி, ஐந்து கிலோமீட்டர் சரிந்து, கொட்டகுடிக்கு இறங்கும். அதற்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். பிறகு போடி, அதன்பின் தூத்துக்குடி, கப்பல். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. மலையாளத்தார் இன்னும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099 என்பதால். பெயர் மட்டும் டாப் ஸ்டேஷன் என்றே நின்றுவிட்டது.

தேயிலைப் பெட்டி அந்தரத்தில் நின்றால் அழாது. கயிற்றில் சரக்கு போன வரைக்கும் நஷ்டக் கணக்கு ரூபாயில் முடிந்தது. மனுஷனை ஏற்றியதும் கணக்கே வேறு.

பழனியில் முதலில் வந்தது கயிற்றில் தொங்கும் வண்டி அல்ல. கயிறு கட்டித் தண்டவாளத்தில் இழுக்கும் வின்ச். முதல் வின்ச் 1966இல். பிறகு இன்னும் இரண்டு சேர்ந்தன. கல்யாணமான புதிதில் நாங்கள் அதில் போயிருக்கிறோம். சக்கரம் தரையில் இருந்ததால் எனக்குப் பயம் வரவில்லை. 2004 நவம்பர் 3 அன்று தெற்கு கிரிவீதியிலிருந்து ரோப் கார் ஓட ஆரம்பித்தது. வின்ச்சில் ஏழெட்டு நிமிஷம் ஆகும் தூரம், இதில் மூன்று நிமிஷம். ஊரே போய் வந்தது. "பார்க்கலாம்" என்று நான் தள்ளிப்போட்டேன். 2007இல் அங்கே விபத்து நடந்து உயிர்கள் போயின. "பார்த்தியா?" என்றேன் வீட்டுக்காரியிடம், ஏதோ ஜெயித்தவன் மாதிரி. அதற்குப் பிறகு வின்ச் கியூ நீளமாக இருந்த ஒவ்வொரு தடவையும் அவள் 693 படியையும் ஏறி இறங்கினாள். யானைப்பாதை இருக்கிறதே, மெதுவாகப் போகலாம் என்று ஆலோசனை வேறு சொன்னேன்.

இப்போது அவள் கேட்ட பிறகு, ரிட்டயர்டு ஆசாமிக்கு வேறு வேலை என்ன, விபத்துகளைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். 2021 மே 23, இத்தாலியில் மொத்தரோனே மலை: இழுவைக் கயிறு அறுந்தது. அறுந்தாலும் பெட்டியைப் பிடித்து நிறுத்த அவசர பிரேக் இருந்தது. ஆனால் அந்த பிரேக் அடிக்கடி தானாகப் பிடித்து வண்டியை நிறுத்துகிறது என்பதற்காக, அது பிடிக்கவே முடியாதபடி இரும்புக் கவையைச் செருகி வைத்திருந்தார்கள். 14 பேர் போனார்கள். ஒரு குழந்தை மட்டும் பிழைத்தது. மறு வருஷம் ஏப்ரலில் ஜார்க்கண்டில் திரிகூட மலை. மூன்று பேர் இறந்தார்கள். மற்றவர்களை விமானப்படை ஹெலிகாப்டர் வந்து ஒவ்வொருவராகத் தூக்க வேண்டியிருந்தது.

மொத்தரோனே விஷயம்தான் என்னை உலுக்கியது. நானும் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் பார்த்தவன். ஒரு சான்றிதழ் குறைந்தாலும் ஃபைலை நிறுத்துவேன். "நிறுத்தற கிளார்க்" என்று பின்னால் பேசுவார்கள். நிறுத்துவதை எரிச்சலாக நினைக்கிற இடத்தில்தான் கவையைச் செருகத் தோன்றும். பழனியில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். மாதத்தில் ஒரு நாள் நிறுத்துகிறார்கள். வருஷத்தில் ஒரு மாதத்துக்கு மேல், பெரும்பாலும் தென்மேற்குக் காற்று வீசும் சமயத்தில், முழுசாக நிறுத்திக் கயிறு, உருளை, பேரிங் எல்லாம் பார்க்கிறார்கள். ஆள் ஏறுவதற்கு முன்னால் பெட்டியில் எடைக்கற்களை ஏற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள். காற்று பலமாக வீசினால் அன்றைக்கே நிறுத்துகிறார்கள். ரோப் கார் நிற்கிறது என்ற செய்தியைப் பேப்பரில் பார்த்த போதெல்லாம், "இதை நம்பி எப்படிப் போவது" என்று சொல்லி வந்திருக்கிறேன். தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

பிறகு திட்டம் போட்டேன். ஆனி, ஆடி வேண்டாம். தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை, சனி, ஞாயிறு வேண்டாம். மாதப் பராமரிப்பு நாள் எது என்று கோயிலுக்கு முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். மத்தியானம் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது. கோயிலில் 2023 அக்டோபர் முதல் செல்போனுக்குத் தடை. கீழேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். ரோப் கார் நின்றால் வின்ச், அதிலும் முடியாவிட்டால் அடிவாரத்தில் கும்பிட்டுவிட்டுத் திரும்புவது. இந்தக் கடைசி வரிக்கு அவளைச் சம்மதிக்க வைக்கத்தான் இரண்டு நாள் ஆனது. மருந்து, தண்ணீர் பாட்டில், எனக்கு பிரஷர் மாத்திரை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆரப்பாளையத்தில் விடிகாலை பஸ் ஏறினோம். டிக்கெட் வாங்கி வரிசையில் நின்ற கால் மணி நேரத்தில் காற்று கூடிவிட்டது, வண்டியை நிறுத்திவிட்டார்கள். வரிசையில் முணுமுணுப்பு. "பணத்தை வாங்கிட்டு இப்படிப் பண்றாங்களே" என்றார் ஒருவர். நான் பேசாமல் திண்டில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "வின்ச்சுக்குப் போயிடுவோமா?"

"இரு, விடுவாங்க" என்றேன். அவளால் நம்ப முடியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, காலிப் பெட்டிகளை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஆள் ஏற்றினார்கள். இந்தப் பக்கம் நாலு பெட்டி, அந்தப் பக்கம் நாலு. எங்களோடு ஒட்டன்சத்திரத்து அம்மாவும் பேரனும். தரை விலகியதும் கம்பியைப் பிடித்தேன். அவள் பிடிக்கவில்லை, கீழே படிகளில் ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இந்த மூணு நிமிஷத்துக்கா இத்தனை வருஷம்?" என்றாள்.

மேலே இறங்கியும் கொஞ்சம் ஏற வேண்டியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். சாமியைப் பார்த்தோம். இறங்கும்போது வெயில் வந்துவிட்டது, காற்றே இல்லை. பஞ்சாமிர்தம் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு, செல்போன் டோக்கனை எந்தப் பையில் வைத்தேன் என்று பத்து நிமிஷம் தேடினேன். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.