பழுது வருமுன் அறிதல்: ஒரு சிறு வரலாறு

முதலாண்டு வொர்க்‌ஷாப் வகுப்பை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. காக்கி உடுப்பு, ஃபைலிங் செய்து கொப்பளித்த கை, அளவு தப்பிப்போன ஜாப்! எனக்கு இன்னொன்றும் நினைவிருக்கிறது. எங்கள் இன்ஸ்ட்ரக்டர், ஓடிக்கொண்டிருக்கும் லேத்தின் ஹெட்ஸ்டாக் மீது நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது மாதிரி. "பேரிங் இரையுதுப்பா. இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்பார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அது ஒரு மாதம் தாங்கியதா, அதற்கு முன்பே போனதா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததன் அருமை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மெஷின்கள் தரும் அளவீடுகளைக் கணிப்பொறிக்குக் கொடுத்து, எது எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லவைப்பது இன்று என் பிழைப்பு. மெஷின் லேர்னிங், தமிழில் இயந்திரக் கற்றல் என்கிறார்கள். மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, இந்தப் புதுமையின் பழைய கதையை எழுதலாம் என்று தோன்றியது. ஏனென்றால் இது நேற்று முளைத்த வித்தை அல்ல.

காலண்டர் பார்த்துப் பிரித்த காலம்

வந்தபின் காப்பவன், வருமுன் காப்பவன் என்று பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள். ஆலைகளிலும் அப்படித்தான். உடைந்த பிறகு சரிசெய்வது முதல் முறை. உடையுமுன், இத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று கணக்கு வைத்துப் பிரித்து மாட்டுவது இரண்டாவது. இரண்டாவதுதான் புத்திசாலித்தனம் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர் ஓர் உயிரியல் விஞ்ஞானி!

இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி அட்லாண்டிக் கடல் மீது பறந்தவை பிரிட்டிஷ் விமானப்படையின் கோஸ்டல் கமாண்ட் விமானங்கள். பறக்க வேண்டிய விமானங்களில் பல எப்போதும் ஷெட்டிலேயே நின்றன. காரணம் கண்டுபிடிக்க வந்த விஞ்ஞானிகள் குழுவில் சி. எச். வாடிங்டன் இருந்தார். கருவியல் படித்தவர். அவர்கள் என்ஜினைத் திறந்து பார்க்கவில்லை, பழுதுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். ஒவ்வொரு 50 மணி நேரப் பறப்புக்கும் ஒரு பரிசோதனை என்பது விதி. பரிசோதனை முடிந்த உடனே பழுதுகள் எகிறுகின்றன, பிறகு மணி நேரம் ஆக ஆகக் குறைகின்றன என்று பதிவேடு சொன்னது. அதாவது, சும்மா இருந்ததைக் கழற்றி மாட்டியதே பழுதுக்கு ஒரு காரணம். 'நல்லா ஓடுற மெஷின்ல கை வைக்காதே' என்று நம் ஊர் மெக்கானிக் சொல்வதை அவர்கள் கணக்குப் போட்டு நிரூபித்தார்கள். போர் ரகசியம் என்பதால் வாடிங்டன் எழுதிய நூல் 1973-ல்தான் அச்சாயிற்று.

அதே உண்மையைப் பயணிகள் விமானத் துறை தனியாகக் கண்டுபிடித்தது. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978-ல் ஓர் அறிக்கை தந்தார்கள். ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதம்தான் வயதானதால் தேய்ந்து பழுதாகும் ரகம். மீதி 89 சதவீதத்துக்கு, 'இத்தனை மணி நேரம் ஆனால் மாற்று' என்ற விதி பயன்படாது. அதிலும் 68 சதவீதம், புதிதாக மாட்டிய சில நாளில்தான் அதிகம் தொல்லை தருபவை. நாம் படித்த குளியல்தொட்டி வளைவு நினைவிருக்கிறதா? அதில் முழுதாக அடங்கியவை வெறும் 4 சதவீதம்! பரீட்சையில் அந்த வளைவை வரைந்து மார்க் வாங்கியவர்கள் மன்னிக்கவும்.

இந்தச் சிந்தனையின் பலனும் அந்த அறிக்கையில் இருக்கிறது. பழைய முறைப்படி டிசி-8 விமானத்தின் கட்டமைப்புப் பரிசோதனை இடைவெளியை 20,000 மணி நேரத்துக்குக் கொண்டுவர 40 லட்சம் ஆள்-மணிக்கு மேல் செலவானது. அதைவிடப் பெரிய போயிங் 747-க்கு, புதிய முறையில் அதே இடைவெளியை எட்ட 66,000 ஆள்-மணி போதுமாயிற்று.

ஆக, கேள்வியே மாறிவிட்டது. 'எத்தனை மணி நேரம் ஓடியது?' என்பது போய், 'இப்போது எப்படி இருக்கிறது?' என்பது வந்தது. அதை யாரிடம் கேட்பது? மெஷினிடம்தான்.

மெஷினின் நாடி

மெஷினின் நாடி பார்க்கும் வேலை போருக்கு முன்பே சிறிய அளவில் தொடங்கியிருந்தது. அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொறியாளராக இருந்த டி. சி. ராத்போன், எவ்வளவு அதிர்ந்தால் ஆபத்து என்று காட்டும் வரைபடத்தை 1939-ல் வெளியிட்டார். டர்பைன் உடைந்தால் பணம் கட்டப்போவது இன்ஷூரன்ஸ்காரர் அல்லவா? அக்கறை அவருக்குத்தான் முதலில் வரும்!

அதிர்வின் அளவு மட்டும் தெரிந்தால் போதாது. எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 25 சுற்று. அதன் பேரிங்கில் 9 பால் இருந்து, வெளி வளையத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தால், பால்கள் அதில் விநாடிக்கு ஏறத்தாழ 90 தடவை தட்டிச் செல்லும். உள் வளையத்தில் என்றால் சுமார் 135 தடவை. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு சுருதி. பல சுருதிகள் கலந்த சத்தத்திலிருந்து ஒவ்வொன்றையும் பிரித்தெடுக்கும் கணிதத்தை ஃபூரியே தந்து வெகு காலமாகிவிட்டது. அவர் நூல் வெளியானது 1822-ல். கணக்குப் போடத்தான் நேரமில்லை. 1,024 அளவீடுகளைப் பிரிக்கச் சுமார் 10 லட்சம் பெருக்கல்கள் வேண்டும். 1965-ல் கூலியும் டூக்கியும் தந்த வேகமுறை இதைப் பத்தாயிரம் என்ற அளவுக்கு இறக்கியது. நம் இன்ஸ்ட்ரக்டர் காதால் செய்ததைக் கருவி செய்யத் தொடங்கிற்று.

நேற்றைய எண்ணும் நாளைய எண்ணும்

இன்று எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் போதுமா? நாளை என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமே! வரிசையாக எடுத்த அளவீடுகளிலிருந்து அடுத்ததை ஊகிப்பதைக் காலத்தொடர் ஆய்வு என்பார்கள். 1927-ல் யூல் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலார் சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கையை ஆராய்ந்தார். ஆடும் பெண்டுலம் மீது பையன்கள் பட்டாணியை விட்டெறிந்தால் ஆட்டம் எப்படிக் கலையும் என்ற உவமையை அவர் சொன்னார். ஆட்டம் தாறுமாறாகும், ஆனால் நேற்றைய நிலையின் சாயல் இன்றும் இருக்கும். அந்தச் சாயலைச் சமன்பாடாக எழுதினார். 1970-ல் பாக்ஸ், ஜென்கின்ஸ் இருவரின் நூல் அதைப் பொறியாளர் கைக்கு வரும்படி செய்தது.

இதில் நம் நாட்டின் பங்கும் உண்டு. 1936-ல் மகலனோபிஸ் வெளியிட்ட 'தூரம்' என்ற கருத்து இன்றும் ஆலைகளில் உழைக்கிறது. மனிதர்களின் உடல் அளவுகளை ஒப்பிடும் ஆராய்ச்சியில் பிறந்தது அது. பேரிங் சூடு 70 டிகிரி. தவறில்லை. மோட்டார் மீது பாதி லோடு. அதுவும் தவறில்லை. ஆனால் பாதி லோடில் 70 டிகிரி என்றால் சந்தேகப்பட வேண்டும்! இரண்டையும் சேர்த்துப் பார்த்து, 'வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது' என்று ஒரே எண்ணாகச் சொல்வது அந்தத் தூரம்.

மெஷின் லேர்னிங் வந்த கதை

சமன்பாட்டை நாம் எழுதாமல், அளவீடுகளைக் கொட்டிக் கணிப்பொறியையே பழகிக்கொள்ளச் சொல்வது அடுத்த படி. வெகு நேரம் முன்பு நடந்ததை நினைவில் வைக்கும் எல்.எஸ்.டி.எம். என்ற வலைப்பின்னலை ஹோக்ரைட்டர், ஷ்மிட்ஹூபர் இருவரும் 1997-ல் வெளியிட்டார்கள். 2008-ல் நாசா ஆராய்ச்சியாளர்கள், ஜெட் என்ஜின்கள் பழுதாகும்வரை ஓடிய அளவீட்டுத் தொகுப்பு ஒன்றை உலகுக்குத் தந்தார்கள். அதன் ஒரு பகுதியில் 100 என்ஜின்கள், ஒவ்வொன்றிலும் 21 சென்சார். இந்தத் துறையில் பலரும் கை பழகுவது அதில்தான்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த என்ஜின்கள் நிஜமானவை அல்ல. கணிப்பொறியில் ஓட்டியவை. நிஜ என்ஜினை யார் உடையும்வரை ஓட விடுவார்கள்? நன்றாகப் பராமரிக்கும் ஆலையில் பழுது குறைவு. பழுது குறைந்தால் கணிப்பொறி கற்கப் பாடம் குறைவு. இதுதான் இத்துறையின் தீராத தலைவலி.

இதிலிருந்து இரண்டு ஏமாற்றங்கள் பிறக்கும். 1,000 நாளில் 5 நாள் பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இன்று பழுது வராது' என்று தினமும் சொல்லும் சோம்பேறி மாடலுக்கு 99.5 சதவீதம் மார்க் கிடைக்கும்! மற்றொன்று, அளவீடுகளைக் கால வரிசை பாராமல் கலைத்து, பாதியில் பழக்கிப் பாதியில் சோதிப்பது. அது நாளைய கேள்வித்தாளை இன்றே பார்த்த மாணவன் மாதிரி. லேபில் சென்டம் வாங்கும், ஷாப் ஃப்ளோரில் ஃபெயிலாகும்.

நான் போட்ட கையெழுத்து

இனி, முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஆலை ஒன்றில் பதிவுகள் எல்லாம் கணிப்பொறிக்கு மாறின. ரெக்கார்டு ரூமில் எண்ணெய்க் கறை படிந்த ஷிஃப்ட் நோட்டுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. இடத்தை அடைக்கிறது என்று பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டோம். அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகள் கழித்து, பம்ப்புகளுக்குப் பழுது முன்னறிவிப்பு மாடல் செய்யும் பொறுப்பு என்னிடமே வந்தது. அதிர்வு அளவீடுகள் ஏராளம். ஆனால் எந்த நிறுத்தம் எதனால் வந்தது? கம்ப்யூட்டர் பதிவில் 'வேலை முடிந்தது' என்ற ஒரே வரிதான். எல்லாவற்றையும் பேரிங் பழுது என்று வைத்துப் பழக்கினேன். மாடல் நாளுக்கு நாள் பொய் அலாரம் அடித்தது. ஷிஃப்டில் இருந்தவர்கள் அதை அணைத்தே வைத்துவிட்டார்கள்.

ரிடையராக மூன்று மாதமே இருந்த ஃபிட்டர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். கிராஃபைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சார், இது பேரிங் இல்ல. அந்த வருஷம் மழையில ஃபவுண்டேஷன் ஒரு பக்கம் இறங்கிடுச்சு. கப்ளிங் அலைன்மென்ட் போச்சு. நோட்டுல எழுதியிருந்தேனே சார், பாக்கலியா?" என்றார். நான் என்ன பதில் சொல்ல?

"சொல்லுங்கண்ணே, நான் எழுதிக்கிறேன்" என்று, தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்தேன். அவர் நினைவில் இருந்தது பாதிதான் தேறிற்று. மாடல் அதன்பிறகு அதிசயம் எதுவும் செய்துவிடவில்லை. ஆனால் பொய் அலாரம் குறைந்தது. அணைத்து வைத்தவர்கள் திரும்பப் போட்டார்கள். எனக்கு அதுவே பெரிய சர்டிஃபிகேட். மீதிப் பாதி பேப்பர்காரரோடு போனது போனதுதான்.

வாடிங்டன் காலத்திலிருந்து இன்றுவரை இந்த வரலாறு சொல்வது ஒன்றே. அதிர்வை சென்சார் தரும். கணக்கைக் கணிப்பொறி போடும். ஆனால் பிரித்துப் பார்த்தபோது உள்ளே என்ன இருந்தது என்பதைப் பிரித்தவர்தான் எழுத வேண்டும்.

பல ஆலைகளில் இன்று பொறுப்பான இடங்களில் நம் கல்லூரி நண்பர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பழைய ஷிஃப்ட் நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள். 'வேலை முடிந்தது' என்ற வரிக்குக் கீழே 'என்ன கண்டீர்கள்?' என்று இன்னொரு வரி சேருங்கள். ரிடையராகப் போகிற பெரியவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள்.

"ஒரு மாசம் தாங்கும்" என்றாரே நம் இன்ஸ்ட்ரக்டர், அவர் எத்தனை முறை சரியாகச் சொன்னார் என்று இன்று தெரிந்துகொள்ள ஆசை. அன்று என் வொர்க்‌ஷாப் ரெக்கார்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.