ஐரோப்பிய வாட்போரில் மெய்ந்நிலை

இடைக்கால ஐரோப்பிய வீரர் பெருஞ்சுமையான வாளைப் புயவலியொன்றாலேயே சுழற்றினர் என்னுங் கருத்து நெடுங்காலம் நிலவிவந்தது. 1885 ஆம் ஆண்டில் வாட்போர் வரலாறெழுதிய எஜேர்ட்டன் காசில் என்னும் ஆங்கிலேயரும் அக்காலப் போர்முறையைப் பயிற்சியற்ற முரட்டுப் போராகவே மதித்தார். ஆயின், அக்கால ஆசான்மார் விட்டுச்சென்ற சுவடிகள் வேறொன்றைப் புலப்படுத்துகின்றன. இரு கைகளாற் பற்றும் நெடுவாளின் நிறை பெரும்பாலும் மூன்று இறாத்தலை அண்டியதே. அதனை ஆளுதற்கு வலிமையினும் மெய்ந்நிலையே பெரிதும் வேண்டப்பட்டது.

15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய ஆசான் பியோரே டெய் லிபேரி இயற்றிய நூலில் ஓர் ஓவியம் உண்டு. அதில் நிற்கும் மனிதனொருவனைச் சூழ நான்கு விலங்குகள் வரையப்பட்டுள்ளன. தலைக்கு மேலே கூரிய பார்வையுடைய லிங்ஸ் என்னுங் காட்டுப்பூனை. இருமருங்கும் புலியும் சிங்கமும். காலடியிற் கோபுரஞ் சுமந்த யானை. இவை முறையே மதிநுட்பம், விரைவு, துணிவு, உறுதி என்பவற்றைக் குறிப்பன. உறுதியைக் காலடிக்கே உரித்தாக்கிய நுட்பம் சிந்திக்கற்பாலது.

அந்நூற்றாண்டின் யேர்மன் ஆசான் ரிங்கெக்கும் இவ்வுண்மையைக் கற்பித்தார். வலப்புறத்திருந்து வெட்டுவோன் வலக்காலையும் உடன் முன்வைத்தல் வேண்டும். வையாதுவிடின் வலப்பக்கம் பின்தங்க, வெட்டு எட்டாது குறுகிப்போம். எனினும், கையும் காலும் இயங்கும் முறைமையிலும் ஓர் ஒழுங்குண்டு. காலினுங் கை விரைவுடையதாதலின், கை முந்தக் கால் தொடரவேண்டும் என 1599 இல் ஆங்கிலேயரான ஜோர்ஜ் சில்வர் வற்புறுத்தினார். கால் முந்தினால், உடல் காவலின்றிப் பகைவனின் வாளெல்லைக்குட் புகுந்துவிடும்.

மெல்லிய குத்துவாள் பரவியபின் நிலையும் மாறிற்று. 1553 இல் உரோமாபுரியில் நூல் வெளியிட்ட கமில்லோ அகிரிப்பா வாட்போரைக் கேத்திரகணித வழியில் விளக்கினார். 1606 இற் கொப்பன்கேகனில் நூல் வெளியிட்ட சல்வத்தோர் பாப்ரிசு, பகைவனுக்கு இலக்காகும் பரப்பைக் குறைக்குமாறு உடலைத் தாழ்த்தி முன்சாய்க்கக் கற்பித்தார். 1630 இல் வெளிவந்த திபோவின் பெருநூலோ, வட்டத்தின் மீது அடிபெயர்த்துச் செல்லும் வீரனை நிமிர்ந்து நிற்கச் செய்தது.

இவ்விரு நிலைகளும் தம்முள் முரண்படுவனபோலத் தோன்றும். எனினும், உடற்பாரத்தைக் கால்கள் தடுமாறாது தாங்குதலும், அடுத்த அடியை இடரின்றி எடுத்துவைக்க இயலுதலும் இரண்டுக்கும் பொதுவாம். கருவியும் நோக்கமும் மாறுந்தோறும் நிலை மாறியது, அடிப்படை மாறவில்லை. இத்துணை நுணுகி ஆராய்ந்தோரின் காலத்தை முரட்டுக் காலமென ஒதுக்குதல் வரலாற்று மாணாக்கர்க்கு ஏற்புடைத்தாகாது. ஒரு காலத்தின் அறிவை அளத்தற்கு அக்காலத்தார் எழுதிவைத்தவற்றை முதலிற் கற்றல் வேண்டும்.