தோட்டத்தின் மேல் பறந்த ஆஸ்டர்

பேராக்கில், கித்தாக் காட்டுக்கு மேலே தாழப் பறந்த சின்னஞ்சிறு விமானத்தை நம் பெரியவர்களில் சிலர் இன்றும் நினைவு வைத்திருப்பார்கள். அதன் பெயர் ஆஸ்டர். லத்தீன் மொழியில் அது தெற்குக் காற்றின் பெயராகும். நம் தென்றலைப்போல் இதமான காற்றன்று. புழுக்கத்தையும் புயலையும் கொண்டுவருவது. பெயர் பொருத்தமாகத்தான் அமைந்தது.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்தில் ஒருவரும் அருகிலிருந்த பின் சூன் தோட்டத்தில் இருவருமாக, மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் காட்டை மேலிருந்து கவனிக்கும் வேலை பிரிட்டிஷாரின் 656ஆம் படைப்பிரிவுக்கு வந்தது. அது பயன்படுத்திய விமானமே ஆஸ்டர்.

இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் வட்டாரத்தில், ரியர்ஸ்பி என்னும் ஊரில் செய்யப்பட்டது அது. எஃகுக் குழாய்களாலான கூடு. மேலே இழுத்துப் போர்த்திய துணி. இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருந்ததால் கீழே பார்க்க மறைப்பில்லை. மெதுவாகப் பறக்கும், குட்டையான புல்தரையிலும் இறங்கும். ஒரே விமானி ஒரே வட்டாரத்தின் மேல் மாதக்கணக்கில் பறந்து பழகுவார். நேற்று இல்லாத ஒற்றையடிப் பாதையோ, காட்டு நடுவே புதிதாக முளைத்த மரவள்ளிப் பாத்தியோ அவர் கண்ணுக்குத் தப்பாது.

வரைபடம் வரைவதற்கான படங்களை வேறு விமானங்கள் எடுத்தன. 81ஆம் படைப்பிரிவின் ஸ்பிட்ஃபயர், மொஸ்கீட்டோ விமானங்கள் உயரத்தில் நேர்கோடாகப் பறந்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி படங்களை எடுத்துத் தள்ளின. அப்படி இரண்டு படங்களை அருகருகே வைத்து, இரட்டைக் கண்ணாடியில் நோக்கினால் மேடும் பள்ளமும் புடைத்து நிற்கும்.

சரி, பறக்கும் ஆஸ்டரையே படம் பிடிப்பது எப்படி? இது சுலபமான காரியமன்று. தரையில் நின்று வானத்தை நோக்கினால் ஒளி கண்ணைக் கூசும். விமானத்தின் அடிவயிறோ கரிக்கட்டையாக விழும். அக்காலப் பெட்டிக் கேமராவுக்கு ஓடும் பொருளைப் பிடிக்கும் வேகமும் கிடையாது. வேகமான கேமராவிலும் ஒரு சிக்கல் உண்டு. முன்னாலுள்ள விசிறி நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ஒரு நொடியில் ஆயிரத்திலொரு பங்கு நேரத்தில் படமெடுத்தால் விசிறி நின்றுபோனது போலவும், விமானம் விழப்போவது போலவும் தோன்றும். 125இல் ஒரு பங்கு என்றால் விசிறி கால் சுற்று சுற்றிவிடும். படத்தில் புகைபோல் தெரியும். ஆனால் கை நடுங்காமல், விமானம் போகும் போக்கிலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டு போக வேண்டும். நல்ல படம் வேண்டுமானால் இன்னொரு விமானத்தில் ஏறி, சம உயரத்தில் பக்கத்தில் பறப்பதே வழி. அப்போதுதான் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைகளும் ஈய லம்பக் குட்டைகளும் பின்னணியாக அமையும்.

தோட்டத்து மக்களிடம் கேமரா ஏது? கல்யாணத்துக்கு ஒரு படம், ஈப்போவில் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு படம், அவ்வளவுதான். ஆகவே அக்காலத்தைக் காட்டும் படங்களில் பெரும்பாலானவை பட்டாளத்தார் எடுத்தவை. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபின் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடமாக்கப்பட்டு முள்வேலி போடப்பட்டது. காட்டிலிருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாதென்று, வெட்டுக்குப் போகிறவர்கள் சோறு கொண்டுபோவதும் பல இடங்களில் தடுக்கப்பட்டது. வெறும் வயிற்றோடு மரம் வெட்டியவர் எவரும் வான்படத்தில் தெரியமாட்டார். கூரைகளும் வேலிக்கோடும் மட்டுமே தெரியும்.

1957 ஆகஸ்டு 31இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதற்கு மறுநாளே 656ஆம் பிரிவு, பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து புதிதாக அமைந்த இராணுவ விமானப் பிரிவுக்கு மாறியது. இங்கிலாந்தில் மிடில் வாலப் என்னுமிடத்திலுள்ள இராணுவ விமான அரும்பொருளகத்தில் ஆஸ்டரை இன்றும் காணலாம்.

கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பிறகு வீட்டுமனைகளும் வந்தன. லயம் இருந்த இடம், கோயில் இருந்த இடம் என்று விரல் நீட்டிக் காட்டுவதற்கும் பல ஊர்களில் அடையாளமில்லை. ஆனால் தேதியிட்ட ஒரு வான்படம் இருந்தால், அன்றைக்கு அங்கே கட்டடம் நின்றதா, எத்தனை வரிசை லயம் இருந்தது என்று எண்ணிச் சொல்லிவிடலாம். நம்மைக் கண்காணிப்பதற்காக எடுத்த படங்கள்தாம். அந்தக் கோயில் அன்றே அங்கிருந்தது என்பதற்கு அவையே சாட்சி சொல்கின்றன.