பிரென் துப்பாக்கி

பிரென், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையும் பேரரசின் பிற படைகளும் கையாண்ட இலகு இயந்திரத் துப்பாக்கி. செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ, இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆகிய ஊர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து இப்பெயர் பெற்றது. தோட்டா .303 அங்குலம் (7.7 மி.மீ.). வாயு அழுத்தத்தால் இயங்கும். குழல் காற்றில் குளிரும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 குண்டுகள் சுடும். முதல் வகையின் எடை சுமார் 10 கிலோ.

தோற்றம்

முதல் உலகப் போரில் பிரித்தானியக் காலாட்படை சுமந்தது லூயிஸ் துப்பாக்கியை. 12 கிலோவுக்கு மேற்பட்ட எடை, 47 தோட்டா கொண்ட வட்டத் தட்டு, அடிக்கடி நேர்ந்த தடைகள் என அது வீரர்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அதற்கு மாற்றுத் தேடி 1930களின் தொடக்கத்தில் பல துப்பாக்கிகள் சோதிக்கப்பட்டன. பிரெஞ்சு வடிவமைப்பை ஒட்டி உருவான விக்கர்ஸ்-பெர்த்தியே கடைசிவரை போட்டியில் நின்றது. இந்தியப் படை 1933இல் அதையே ஏற்று ஈசாப்பூர் தொழிற்சாலையில் செய்வித்தது. பிரித்தானியாவோ வாட்ஸ்லாவ் ஹோலெக் வடிவமைத்த செக் துப்பாக்கியான இசட்.பி. 26இன் வழிவந்த வகையைத் தேர்ந்தெடுத்தது. அது சரியான தேர்வே.

மூலத் துப்பாக்கி அடிவிளிம்பு துருத்தாத 7.92 மி.மீ. தோட்டாவுக்கானது. பிரித்தானியத் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. உள்ளே இருந்த கார்டைட் மருந்து கரியும் கசடும் கூடுதலாக விட்டது. ஆகவே மேகசின் வளைவாயிற்று. குழலிலிருந்து வாயு எடுக்கும் துளை பின்னுக்கு நகர்ந்தது. 1935இல் உரிம ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1937இல் என்ஃபீல்டில் முதல் துப்பாக்கி முடிந்தது. பின்னர் கனடாவின் டொரொன்டோவில் ஜான் இங்கிலிஸ் நிறுவனமும், ஆஸ்திரேலியாவின் லித்கோவும், ஈசாப்பூரும் இதைச் செய்தன. 1940இல் டன்கர்க் பின்வாங்கலில் பிரென்களில் பெரும்பகுதி பிரான்சிலேயே கைவிடப்பட்டதால், கிடங்கில் கிடந்த லூயிஸ்கள் மீண்டும் உள்நாட்டுக் காவல் படையின் கைக்கு வந்தன.

கையாளுதலும் நம்பகமும்

மேகசினில் 30 தோட்டா கொள்ளும். ஆனால் வழக்கமாக 28தான் இட்டனர். நிறைத்தால் சுருள்வில் இறுகும். அடுக்கும்போது ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பின்னால் மாட்டினாலும் துப்பாக்கி நின்றுவிடும். பிரெனில் நேர்ந்த தடைகளில் கணிசமானவை மேகசின் நிரப்பியவரின் கைப்பிழையே. துப்பாக்கியின் குற்றம் குறைவு. அதனால் பயிற்சியில் நிரப்புவதற்குத் தனிக் கவனம் தரப்பட்டது. காலாட்படைப் பிரிவின் ஒவ்வொரு வீரரும் இடுப்புப் பைகளில் பிரெனுக்கான மேகசின்களையும் சுமந்தார்.

சுடும்போது நின்றால், இழுபிடியை இழுத்து, மேகசினை மாற்றி, மறுபடி சுட வேண்டும். ஓரிரு குண்டுகள் போய் மீண்டும் மந்தமானால் கசடு படிந்துவிட்டதென்று பொருள். வாயுச் சீராக்கியைத் திருப்பி, நான்கு துளைகளில் அடுத்த பெரியதுக்கு மாற்றினால் போதும். பாலைவன மணலிலும் பர்மாவின் சேற்றிலும் இந்த எளிமைதான் கைகொடுத்தது.

இடைவிடாது சுட்டுப் பத்து மேகசின் தீர்ந்தால் குழலை மாற்றுவது முறை. நெம்புகோலைத் தூக்கி, குழலின் கைப்பிடியாலேயே கழற்றிப் புதியதைப் பொருத்திவிடலாம். பழகிய இருவருக்குச் சில நொடி வேலை. மேகசின் மேலே நிற்பதால் குறிபார்க்கும் அமைப்பு இடப்பக்கம் ஒதுங்கியது; இடக்கைக்காரருக்கு அது தொல்லை.

பிரென் 'மிதமிஞ்சிய துல்லியமுடையது, குண்டுகள் பரவாமல் ஒரே இடத்தில் விழும்' என்ற புகார் வீரர்களிடையே புழங்கியது. அது குறையே அல்ல. நோக்கிய இடத்தில் சுடுவதுதான் இலகு துப்பாக்கியின் வேலை. தோட்டாப் பட்டையிலிருந்து நிமிடத்துக்கு 1,200 குண்டுகள் வரை பொழிந்த ஜெர்மானிய எம்.ஜி. 42க்கு முன் இதன் வேகம் குறைவுதான். எனினும் ஓர் ஆள் தூக்கிக்கொண்டு ஓடவும், தோட்டாவைச் சிக்கனமாகச் செலவிடவும் பிரெனே உகந்தது.

பிற்காலம்

போருக்குப் பின் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றப்பட்ட எல்4 வகை, 1982 ஃபாக்லாந்து போரிலும் பிரித்தானியப் படையின் கையில் இருந்தது. இந்தியாவும் இதே அளவில் ஒரு வகையைச் செய்தது.