ஊரின் நினைவைக் காத்த பெருந்தகை

புறநானூற்றுப் பாடல்களின் அடியில், பாடியவர் இன்னார், பாடப்பெற்றவர் இன்னார், பாடிய சூழல் இது என்று குறிப்புகள் காணப்படுவதை நாம் அறிவோம். அக்குறிப்புகள் இல்லையேல், புலவர் பலருடைய பெயரும் ஊரும் நமக்குக் கிட்டியிரா. அவற்றை எழுதிவைத்தவரோ தம் பெயரைச் சொல்லாமலே மறைந்துவிட்டார். பாட்டின் பெருமை புலவர்க்குரியது. அப்பாட்டுப் பிறந்த மண்ணின் நினைவு நமக்கு வந்து சேர்ந்த பெருமை அக்குறிப்பாளர்க்குரியது.

நம் காலத்தில் சென்னை மாநகருக்கு அத்தகைய குறிப்பாளராய் வாழ்ந்தவர் எஸ். முத்தையா. நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில், தமிழில் எழுதாத ஒருவரை நினைவுகூர்வது ஏன் எனச் சிலர் வினவலாம். அவர் வாழ்வில் இலக்கிய அன்பர் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

1930 ஏப்ரல் 13 அன்று செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்த அவர், இலங்கையிலும் அமெரிக்காவிலும் கல்வி பயின்றவர். கொழும்பில் ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ நிறுவனத்தில் பதினேழு ஆண்டுகள் இதழியல் பணியாற்றியபின், 1968-இல் சென்னைக்கு வந்தார். இங்கு நிலப்படங்கள் வெளியிடும் நிறுவனமொன்றில் பணியேற்றார். பிறந்து வளர்ந்த ஊராயின் பழக்கத்தால் கண்கள் பலவற்றைக் காணாது கடந்துவிடும். நடு வயதை நெருங்குகையில் வந்து குடியேறியவராதலின், ஒவ்வொரு தெருவும் அவருக்குக் கேள்வியாயிற்று. அக்கேள்விகளின் விளைவே 1981-இல் வெளிவந்த ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ என்னும் நூல். சிறு நூலாய்த் தோன்றிய அது, பதிப்புதோறும் பெருகி, ‘மெட்ராஸ் ரீடிஸ்கவர்ட்’ எனப் பெயர் மாறி, தமிழாக்கமும் பெற்றது.

1991-இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்னும் மாதமிருமுறை இதழைத் தொடங்கி, இறுதிவரை அதன் ஆசிரியராய் விளங்கினார். 1999 முதல் ‘தி இந்து’ நாளிதழில் ‘மெட்ராஸ் மிசலனி’ என்ற தொடரை எழுதினார். வாரந்தோறும் அத்தொடரின் முடிவில், தபால்காரர் கதவைத் தட்டியபோது கிடைத்தவை எனும் பொருள்பட ஒரு பகுதி இடம்பெறும். அப்பகுதியே அவரது பணியின் உயிர்நிலை என்பது என் துணிபு. முன்வாரம் எழுதியதற்கு வாசகர் அனுப்பிய விளக்கமும் திருத்தமும் மறுப்பும் அங்கே இடம்பெற்றன. தாத்தா கட்டிய வீட்டைப் பற்றிப் பேரர் எழுதுவார். தாம் பணியாற்றிய ஆலையைப் பற்றி ஓய்வுபெற்றவர் எழுதுவார். தாம் எழுதியது பிழையெனில், அதனை அவரே அடுத்த வாரம் அச்சில் ஒப்புக்கொள்வார்.

எழுதுவோர்க்கு இது எளிதன்று என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஒரு சொல்லை மாற்றச் சொன்னாலே முகம் வாடுகிறோம். அவரோ தம்மை வரலாற்றறிஞர் என்று கூறிக்கொள்ளாமல், நிகழ்ந்தவற்றைப் பதிவுசெய்பவர் என்றே கூறிக்கொண்டார். அதனால் திருத்தம் அவருக்கு இழுக்காகத் தோன்றவில்லை, செல்வமாகத் தோன்றிற்று. வாசகரும், ‘நமக்குத் தெரிந்ததும் வரலாறே’ என்னும் துணிவு பெற்றனர். இவ்வாறு ஒரு நகரம் தன் கதையைத் தானே எழுதத் தொடங்கியது.

2004-இல் அவரும் சஷி நாயரும் வின்சென்ட் டி சோசாவும் கூடி, ஆகஸ்ட் 22-ஆம் நாளைச் சென்னை நாளாகக் கொண்டாடும் வழக்கத்தை ஏற்படுத்தினர். 1639-இல் அந்நாளில் கிழக்கிந்தியக் கம்பெனியார்க்கு இக்கடற்கரை நிலம் வழங்கப்பட்டதென்பது கணக்கு. இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. மயிலையும் திருவல்லிக்கேணியும் ஆங்கிலேயர் வருகைக்குப் பன்னூறு ஆண்டு மூத்தவை. திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. பல்லாவரத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவியோ வரலாற்றுக்கும் முற்பட்டது. இம்மறுப்பில் நியாயம் உண்டு. கம்பெனிக் காலமும் ஆங்கில ஆவணங்களும் அவர் எழுத்தில் மிகுதியாக இடம்பெற்றதும் உண்மை. ஆயினும் அக்குறையை நிரப்பும் கடமை யாருடையது? தமிழ் அறிந்த நம்முடையதன்றோ?

கட்டடங்களைக் காக்கும் முயற்சியில் வெற்றியும் தோல்வியும் கலந்தே வந்தன. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் பணி 2006-இல் தொடங்கியபோது, மரபுக் காவலர்கள் வழக்குத் தொடுத்தனர்; 2010-இல் அதனைக் காக்குமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தமிழர் நெஞ்சைச் சுடும் இழப்பு 2012-இல் நேர்ந்தது. திருவல்லிக்கேணிப் பகுதியில் உ. வே. சாமிநாதையர் வாழ்ந்த ‘தியாகராச விலாசம்’ இடிக்கப்பட்டது. ஏட்டுச் சுவடிகளுக்கு உயிர் கொடுத்த அவ்வீட்டிற்கு உயிர் கொடுக்க நம்மால் இயலவில்லை. அதே வட்டாரத்தில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவில்லமாய் நிலைத்து நிற்கிறது. இரண்டு வீடுகளையும் எண்ணிப் பார்க்கும்போது, காக்க முடியும் என்பதும், காக்கத் தவறினோம் என்பதும் ஒருங்கே புலனாகின்றன.

செட்டிநாட்டு மரபு பற்றியும், இலங்கையில் குடியேறிய இந்தியத் தமிழர் பற்றியும் அவர் நூல்கள் தந்துள்ளார். 2002-இல் பிரிட்டிஷ் அரசின் எம். பி. இ. விருது பெற்றார். 2019 ஏப்ரல் 20 அன்று, தம் எண்பத்தொன்பதாம் பிறந்த நாள் கழிந்து ஒரு வாரத்தில் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின்னும் ஆகஸ்ட் மாதந்தோறும் அன்பர்கள் தெருக்களில் நடந்து, பழைய கட்டடங்களின் முன் நின்று கதை சொல்கின்றனர். தலைவரோ தலைமையகமோ இல்லாமலே அவ்விழா நடந்து வருவது, அவர் வாசகரை நம்பியதன் பயன்.

நம் வட்டத்திற்குப் பத்தாண்டு நிறைந்துள்ளது. கவிதைகளைத் தொகுத்து வைத்துள்ளோம். அவை எந்த மாலையில், யார் வீட்டுத் திண்ணையில், எவர் முன்னிலையில் முதன்முதல் படிக்கப்பெற்றன என்பதைக் குறித்து வைத்துள்ளோமா? மூத்த அன்பர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவிடல் வேண்டும். பிழையிருப்பின் அடுத்தவர் திருத்தட்டும். பெருந்தகை முத்தையாவுக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி, ஒரு தாளை எடுத்து நம் தெருவின் கதையை இன்றே எழுதத் தொடங்குவதுதான்.