சண்பகமும் உறைபனியும்

ஜோகுபாளையத்தில் நாற்பது ஆண்டுகளாக அரிசி மண்டி வைத்திருப்பவன் நான். தாவரவியல் படித்தவனல்லன். கடை சாத்திய பின் இராத்திரியில் படித்ததும், ஞாயிற்றுக்கிழமை லால்பாக்கில் சுற்றியதும்தான் என் படிப்பு. ஆகவே இக்கட்டுரையில் குறை இருந்தால் அறிஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுத வைத்தவன் என் மைத்துனர் மகன். ஊட்டியில் வீடு கட்டிக் குடிபோனான். புதுமனைக்கு நான் இங்கிருந்து ஒரு செண்பகக் கன்று வாங்கிக்கொண்டு போய், வாசலுக்கு எதிரே நல்ல வெளிச்சமான திறந்த இடமாகப் பார்த்து நட்டேன். தை மாதம் போன் வந்தது. "மாமா, ஒரே ராத்திரியில கருகிடுச்சு. வெந்நீர் ஊத்தின மாதிரி இருக்கு" என்றான். எனக்கு வருத்தத்தைவிட வியப்பே அதிகம். சண்பகம் மலைப்பூ ஆயிற்றே, மலையில் ஏன் சாக வேண்டும்?

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைச் சொல்கிறார். தலைவியும் தோழியும் மலையில் பறித்துப் பாறைமேல் குவித்த பூக்கள் அவை. அவற்றுள் சண்பகமும் ஒன்று. அதற்கு அவர் கொடுத்த அடைமொழியில் குளிர்ச்சி இருக்கிறது. உரைகாரர் வழியில் அதைப் பூவின் தண்மை என்றே கொள்ளலாம், மறுக்கவில்லை. ஆனால் தொல்காப்பியர் குறிஞ்சிக்கு வகுத்த பொழுதுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கூதிர், முன்பனி, யாமம். அதாவது ஐப்பசியிலிருந்து தை வரை, அதிலும் நடுராத்திரி. ஆண்டில் மிகக் குளிர்ந்த காலத்தை உடைய நிலத்தில்தான் இந்த மரத்தைக் கபிலர் காட்டுகிறார்.

நம்மில் பலருக்குச் சண்பகம் என்றால் கோயில் மரம். திருநாகேசுவரத்தில் தலமரம் அதுவே. எங்கள் சமண மரபிலும் இருபதாம் தீர்த்தங்கரர் முனிசுவிரதருக்கு உரிய மரம் சண்பகம். இதனால் கோயிலிலிருந்து காட்டுக்குப் போன மரம் போல நினைத்துவிடுகிறோம். உண்மை நேர்மாறானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் அது தானாக வளர்வது. குற்றாலத்தில் செண்பகாதேவி அருவி என்று பேர் இருப்பதே அதற்குச் சாட்சி. மலையிலிருந்து இறங்கி வந்துதான் கோயில் பிராகாரத்தில் நின்றது என்பது என் துணிபு.

வெள்ளைக்காரர் நூல்களிலும் இதன் பேருக்கு ஒரு கதை உண்டு. லின்னேயஸ் 1753இல் இதற்கு மிக்கேலியா சம்பகா என்று பேர் வைத்தார். முற்பாதி மிக்கேலி என்ற புளோரன்ஸ் நகரத் தாவர அறிஞர் பேர், பிற்பாதி நம்முடைய சம்பகம். பிரெஞ்சு நாட்டு மோன்பெல்லியே நகரத்து மஞோல் என்பவர் பேரால் அமைந்த மக்னோலியா என்பது தனிப் பேரினமாக இருந்தது. இரண்டும் ஒன்றே என்ற கருத்து 2000க்குப் பின் வலுத்து, இன்று நம் சண்பகம் மக்னோலியா சம்பகா எனப்படுகிறது. அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருக்கும் அன்பர்கள், வசந்த காலத்தில் இலையில்லாத செடி முழுக்கப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அது நம் சண்பகத்துக்குப் பங்காளி முறை.

அந்தப் பங்காளிகளின் குளிர் தாங்கும் சக்தி ஆச்சரியமானது. ஜப்பானிய நட்சத்திர மக்னோலியா என்ற குறுஞ்செடி, பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகை வரை தாங்கும். இலையை உதிர்த்துவிடும். மொட்டைப் பூனைக்குட்டி போல மயிரடர்ந்த செதிலால் மூடிக்கொள்ளும். பகல் குறுகக் குறுக உயிரணுவுக்குள் சர்க்கரையைச் சேர்த்து, நீர் உறைந்தாலும் உயிரணுவுக்கு வெளியே உறையும்படி செய்துகொள்ளும். வெண்டைக்காயை மறந்துபோய் ஃப்ரீஸரில் வைத்தவர்களுக்கு, உள்ளே உறைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தனை ஏற்பாடு இருந்தும், பூ விரிந்த பிறகு ஒரு தாமதப் பனி வந்தால் மரம் பிழைக்கும், பூ பழுப்பேறிப் போகும்.

நம் சண்பகத்துக்கு இந்த ஏற்பாடு கிடையாது. எப்போதும் பசுமையான மரம். பெங்களூரின் பனி அதை ஒன்றும் செய்வதில்லை. இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 7.8 பாகைதான், 1884 ஜனவரி 13ஆம் தேதி. மல்லேசுவரத்தில் ஒரு சாலைக்கே சம்பிகே பேர். (தமிழ்நாட்டு உறவினர் வந்து சம்பங்கி கேட்டால் ஜாக்கிரதை! அங்கே இப்போது சம்பங்கி என்பது மெக்சிகோவிலிருந்து வந்த கிழங்குப்பூ. கன்னடத்தில் அதற்குச் சுகந்தராஜா.) லால்பாக்கில் பெரிய வெள்ளைப் பூ மக்னோலியாவைப் பார்க்கலாம். வடநாட்டார் அதை ஹிம்சம்பா, அதாவது பனிச்சண்பகம் என்கிறார்கள். அதன் தாய்நாடோ அமெரிக்காவின் புழுக்கமான தென்கிழக்குப் பகுதி!

ஊட்டிக் கணக்கு வேறு. சுமார் 2,240 மீட்டர் உயரம். தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் மார்கழி, தையில் புல்வெளி வெள்ளை விரித்தாற்போல் இருக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. தரையோடு இருக்கும் இளஞ்செடிதான் முதலில் அகப்படும். நல்ல வெளிச்சமான திறந்த இடம் என்று நான் தேர்ந்தெடுத்தேனே, அதுதான் மோசமான இடம்.

அந்த உயரத்துக்கென்றே ஒரு சண்பகம் இருக்கிறது. காட்டுச் செண்பகம். பூ வெள்ளை. 1830களில் ஜென்கர் என்ற ஜெர்மானியர் அதற்கு நீலகிரியின் பேரையே வைத்தார். இன்று மக்னோலியா நீலகிரிகா. இலங்கையின் மலைநாட்டிலும் உண்டு. உறைபனி விழும் மலையில் வாழையடி வாழையாக இருந்துவரும் மரம். ஆனால் அது வளர்வது சோலைக்குள். மேலே மரங்களின் கூரை, கம்பளி போலத் தரைச்சூட்டைப் பிடித்து வைக்கிறது. சோலை விளிம்பைத் தாண்டினால் புல்வெளி, அங்கே உறைபனி. சோலைமரக் கன்றுகளைப் புல்வெளியில் தலையெடுக்க விடாமல் தடுப்பது உறைபனியே என்று, நம் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்து ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள்.

இதை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. நீலகிரிக்கு 1843இல் யூகலிப்டஸ் வந்தது. தேயிலைக்கும் விறகுக்கும் எத்தனையோ சோலைகள் போயின. வெட்டியவர்கள், காடுதானே, மறுபடி வளரும் என்று எண்ணியிருக்கலாம். கூரையே போன பிறகு கன்று எதன் நிழலில் பிழைக்கும்? நூறு பனிக்காலம் பார்த்த தாய் மரத்தின் விதையும், வெட்டவெளியில் விழுந்தால் என் கன்றின் கதிதான். பழைய உரைகளைத் திருத்திப் பதிப்பிக்கிறோம். கபிலர் பேர் சொன்ன பூக்களில் எவை எந்த மலையில் இன்னும் இருக்கின்றன என்று ஒரு கணக்கெடுப்பை நம் சங்கங்கள் செய்யலாம். பணத்துக்குப் பஞ்சமில்லை, விழாப் பந்தல் செலவில் பாதி போதும்.

மைத்துனர் மகன் இரண்டாம் முறை என்னைக் கேட்கவில்லை, நல்லவேளை. அங்கேயே ஒரு நாற்றங்காலில் காட்டுச் செண்பகக் கன்று வாங்கி, வீட்டுக்குப் பின்புறச் சரிவில், பெரிய மரத்தின் அடியில் நட்டான். முதல் இரண்டு குளிர்காலம் சாயங்காலமானால் பழைய கோணிச் சாக்கைப் போர்த்தி, வெயில் ஏறியதும் எடுத்தான். சாக்கு என் மண்டியில் இருந்து போனது. இப்போது கன்று அவன் தோளுயரம். இன்னும் பூக்கவில்லை.